சுடரவனைக் கீழே இறக்கியவர்

“காயம் எங்கே? ரத்தம் எங்கே? உடைஞ்ச சுவர் எங்கே? ஒண்ணே ஒண்ணு காட்டு, ஒத்துக்கறேன்” என்று வாயால் சொல்லிக்கொண்டே அதையே வலது கட்டைவிரலால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறார் நடுவர். இடது கை விளக்குகளை இயக்கும் பொத்தான் பலகையின் மேல் கிடக்கிறது. மேடையில் ஒத்திகைக்கு நிற்கும் பெண், “அண்ணே, மூக்குக்குக் கீழ நிழல் விழுது” என்கிறாள். அவர் தலை நிமிரவில்லை. ஏதோ ஒரு பொத்தானை மேலே தள்ளுகிறார். நிழல் போய்விடுகிறது. போனில் பதிலும் போய்விடுகிறது.

விழாக்கள் நடத்திக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அவர் லைட்மேன். ஒல்லியான ஆள். முன்கைகளில் சூடான விளக்குகள் தொட்டுத் தொட்டு வந்த சிறு தழும்புகள், நகக்கண்களில் கறுப்பு டேப்பின் பிசின். இருட்டில் தெரியக் கூடாது என்பதற்காக வேலைக்குக் கறுப்புச் சட்டைதான் போட வேண்டும். வேலை இல்லாத நாளிலும் அதையேதான் போட்டுக்கொண்டு திரிகிறார். நான் அவருக்குக் கீழ்மாடியில் குடியிருக்கிறேன். படிக்கட்டில் அவர் எதிரே வந்தால் முதலில் பல்தான் தெரியும்.

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைப் பார்ப்பார். “இந்த லைட்டுக்குக் கீழ உக்காந்தா புருஷன் பொண்டாட்டி சண்டை போடாம என்ன பண்ணுவாங்க?” என்று என் வீட்டுக் கூடத்தில் நின்று, என் மனைவி காதுபடவே சொன்னவர். ஓர் இழவு வீட்டில், அழுகிறவர்களை விலக்கிக்கொண்டு போய், இறந்தவரின் தலைமாட்டு விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி வைத்தார். “மேலேருந்து குடுத்தா கண்ணு குழி விழுந்து தெரியும். கடைசியா பாக்கறாங்க, நல்லாத் தெரியட்டுமே” என்றார். வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் விளக்கை யாரும் பழைய இடத்தில் வைக்கவில்லை. முகம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

நடுவர் என்ற பட்டம் இந்த வேலையால் வந்ததல்ல. ‘பலப்பரீட்சை’ என்று போனில் ஒரு குழு இருக்கிறது. சித்திரக்கதைகளிலும் தொடர்களிலும் வருகிற மாவீரர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, யார் யாரை வெல்வான் என்று தீர்மானிக்கிற கூட்டம். பல் வைத்தியர் இருக்கிறார், கணக்கு வாத்தியார் இருக்கிறார், பஸ் டிரைவர் இருக்கிறார், வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் இருக்கிறேன். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. எங்களிடம் படிகள் உண்டு. சுவரை இடிப்பவன், தெருவை இடிப்பவன், மலையை இடிப்பவன், உலகத்தையே இடிப்பவன் என்று ஒவ்வொரு வீரனும் ஒரு படியில் நிற்பான். எவன் எந்தப் படி என்பதில் அடிதடி வரும்போது கடைசி வார்த்தை லைட்மேனுடையது. கதையில் எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதனால் நாங்களே வைத்த பெயர் அது.

அவருடைய செல்லப்பிள்ளை சுடரவன். ஒரு பழைய சித்திரக்கதைத் தொடரின் நாயகன். ஆயுதம் கிடையாது, தோள்பலம் கிடையாது. உள்ளங்கையைத் திறந்தால் வெளிச்சம் வரும், எதிரிக்குக் கண் போய்விடும், அவ்வளவுதான் வித்தை. அவனோடு மோதுகிற கற்கோட்டையான் மலையைப் பிடுங்கி அடித்தாலும் அசையாத மூர்க்கன். அவனே சுடரவனின் வெளிச்சம் பட்டுக் குப்புற விழுகிறான். அப்படியானால் சுடரவனுக்கு எந்தப் படி? வெளிச்சம் என்பது தாக்குதலா, வெறும் இடைஞ்சலா? இந்தக் கேள்வியில் எங்கள் குழு இரண்டாக உடைந்து, பல் வைத்தியரும் வாத்தியாரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த காலம் உண்டு.

அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னவர் இவர். குரலிலேயே பதிந்து அனுப்பியிருந்தார். “மலையால அடிச்சும் அசையாதவன் வெளிச்சம் பட்டு விழறான். இதுக்குப் பேரு தாக்குதல் இல்லாம தாலாட்டா? சுவத்துல ஓட்டை விழுந்தாத்தான் அடியா? உள்ள ஓட்டை விழுந்தா அடி இல்லையா? நான் நாள் பூரா வெளிச்சத்தோட மல்லுக்கட்டறவன். அதுக்கு இருக்கற பலம் உங்களுக்கெல்லாம் தெரியாது.” சுடரவன் மலையை இடிப்பவர்களின் படியில் ஏறினான். அந்தத் தீர்ப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. அவனையும் குழுவில் சேர்த்துவிட்டது இவர்தான், நிறுவனத்தில் கேமராமேனாகச் சேர்த்துவிட்டதும் இவர்தான்.

மச்சினனைப் பற்றி ஒரு வார்த்தை. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே பின்பக்கமாக நடப்பான். ஒரு நாற்காலியில் இடிக்க மாட்டான், ஒரு காலை மிதிக்க மாட்டான். வலது கண் கேமராவுக்குள் இருக்கும், இடது கண் வெளியே திறந்திருக்கும். அடுத்து யார் மேடை ஏறப்போகிறார்கள், யார் அழப்போகிறார்கள் என்று அந்தக் கண் பார்த்துச் சொல்லும். “உள்ள இருக்கற கண்ணு கம்பெனிக்கு மாமா, வெளிய இருக்கற கண்ணு எனக்கு” என்பான்.

போன வருஷம் ஒரு பெரிய நிறுவனத்தின் பரிசளிப்பு விழா. லேசர் விளக்கு வைத்திருந்தார்கள். தடித்த நூல்போல நேராக ஓடும் பச்சைக் கதிர்கள். அதை நிற்கிற மனிதர்களின் தலைக்கு மேலேதான் ஓடவிட வேண்டும். அந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். நடுவரும் ஒத்திகையில் ஒரு ஆளைத் தரையில் நிற்க வைத்து, தலைக்கு மேல் அளவு பார்த்து, கண்ணும் கருத்துமாகத்தான் விளக்கைப் பூட்டினார். ஒத்திகைக்குப் பிறகு முன்வரிசையில் பூத்தொட்டிகளை அடுக்கிவிட்டார்கள். கேமராவுக்கு மேடை மறைந்தது. மச்சினன் உயரமான பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் ஏறிக்கொண்டான். தரையில் நிற்கிறவன் தலைக்கு மேலே ஓட வேண்டிய கதிருக்கு நேராக இப்போது அவன் முகம் இருந்தது.

அவன் சொல்லிவிட்டுத்தான் ஏறினான். இருவர் காதிலும் ஹெட்செட். மற்றவர்கள் சிறப்பு விருந்தினரை வரவேற்க வாசலுக்கு ஓடியிருந்தார்கள். லைனில் இருந்தது மாமனும் மச்சினனும் மட்டும். “மாமா, நான் பலகை மேல நிக்கறேன். பச்சையைப் பாத்துப் போடுங்க” என்றான். “சரி மாப்ள” என்றார் இவர். இது மச்சினன் என்னிடம் சொன்னது. இவர் இன்றுவரை அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறார்.

விருந்தினர் உள்ளே வந்தார். விழாக்காரர்களின் ஆள் ஒருவன் இவர் தோளுக்குப் பின்னால் நின்று, “இன்னும், சார், இன்னும்” என்று நச்சரித்திருக்கிறான். இவர் பச்சைக் கதிர்களை முழு வேகத்தில் ஒரு சுழற்று சுழற்றினார். கூட்டம் ஓவென்று கத்தியது. அந்தச் சத்தத்தில் மச்சினன் கத்தியது கேட்கவில்லை.

கேமராவின் உள்ளே கதிர் பட்டு, அதற்குப் பிறகு எடுத்த படத்திலெல்லாம் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. கேமரா கெட்டுவிட்டது என்பதை நிறுவனத்தில் எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். புதுக் கேமரா வந்தது. மச்சினனின் இடது கண்ணில் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. எதைப் பார்க்கிறானோ அதன் மேலேயே அது போய் உட்கார்ந்துகொள்ளும். ஓரம் தெரியும், உருவம் தெரியாது. அந்தக் கண்ணால் முகத்தைப் பார்த்தால் காது தெரியும். டாக்டர் சோதித்துவிட்டு, “இது இப்படியேதான் இருக்கும்பா, பழகிக்கணும்” என்று சொல்லி அனுப்பினார்.

விசாரணை என்று கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். மேனேஜர் நடுவரிடம் கேட்டது ஒரே கேள்வி. “அவன் பலகை மேல ஏறினது உங்களுக்குத் தெரியுமா?” இவர் சொன்னது ஒரே பதில். “யாரும் சொல்லல சார்.” அத்தோடு முடிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறி நின்றது கேமராமேனின் தவறு என்று ஆகிவிட்டது. இந்தத் தொழிலில் நாலு நிறுவனங்கள் இருந்தால் நாலுக்கும் செய்தி போய்விடும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவன் என்ற பேர் வந்த பிறகு எவன் கையில் கேமராவைக் கொடுப்பான்? இப்போது அவன் அதே நிறுவனத்தின் கோடவுனில் கேபிள் சுற்றுகிறான். சுற்றிய கேபிளை ஆணியில் மாட்டப் போனால், ஆணிக்கு ஒரு விரல்கடை தள்ளி மாட்டுகிறான். கீழே விழுகிறது. குனிந்து எடுத்து மறுபடி மாட்டுகிறான்.

விசாரணை முடிந்த அடுத்த வாரத்தில் பலப்பரீட்சையில் இடி விழுந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் கிளறவில்லை. நடுவர் தானாகவே பழைய தீர்ப்பைத் தூக்கிப் போட்டார். “மறுபரிசீலனை பண்ணிட்டேன். வெளிச்சம் தாக்குதல் ஆகாது. அதுல விசை இல்ல, எடை இல்ல. கண்ணு கூசறது எதிராளியோட பலவீனம். சுடரவனைக் கீழ இறக்கறேன்.” மலையை இடிப்பவர்களின் படியில் இருந்தவன், சுவரைக்கூட இடிக்காதவர்களின் கூட்டத்தில் போய் விழுந்தான்.

குழுவே அல்லோலகல்லோலப்பட்டது. பல் வைத்தியர் பழைய குரல் பதிவைத் தேடி எடுத்துப் போட்டார். “தாலாட்டான்னு கேட்டது நீங்கதானே நடுவரே?” என்று வாத்தியார் கிண்டினார். இவர் மசியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை இந்த ஒரு விஷயத்துக்காக எல்லோரோடும் மல்லுக்கு நிற்கிறார். சாப்பிடும்போது தட்டுகிறார், ஒத்திகையில் தட்டுகிறார், படிக்கட்டில் என்னைத் தாண்டிப் போகும்போதும் தட்டிக்கொண்டே போகிறார். எண்ணம் இல்லாமல் தாக்குதல் இல்லை என்பார். எண்ணம் இருந்தது என்று யாராவது பக்கத்தைக் காட்டினால், காயம் இல்லாமல் தாக்குதல் இல்லை என்பார். காயத்தைக் காட்டினால், விலகிப் போகாதது அவன் குற்றம் என்பார். தப்பித்து ஓடுகிறவனுக்குத்தான் இத்தனை வாசல் வேண்டும். காரணம் தெரியாத மற்றவர்கள் இதை ஒரு தமாஷாகப் பார்க்கிறார்கள். எனக்குப் படிக்கப் படிக்க எரிச்சலாக இருக்கிறது.

ஒரு நாள் அவரிடம் நேரிலேயே கேட்டேன். “ஹெட்செட்ல சொன்னானாமே?”

“அண்ணே, ஒரே ஒரு செகண்டு. சூரியனையே ஜனங்க நிமிந்து பாக்கறாங்க. அவங்களுக்கெல்லாம் கண்ணு போயிடுச்சா?”

“நான் அதைக் கேக்கலையே.”

“எனக்கும் ஒரு குடும்பம் இருக்குண்ணே. நான் வேலையை விட்டா அவனுக்குக் கண்ணு வந்துடுமா? வந்துடும்னு சொல்லுங்க, இப்பவே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்.” இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே எரிந்த படிக்கட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது மினுக்குது. மாத்தச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அவர் மனைவி எதையும் கேட்பதில்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். முன்பெல்லாம் ‘என்னங்க’ என்று ஆரம்பிக்காமல் அவளுக்கு ஒரு வாக்கியம் வராது. இப்போது சுவரைப் பார்த்து, “கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சு” என்கிறாள். அவர் சுவருக்குப் பின்னால் நிற்கிறவரைப் போல, “சரி” என்கிறார்.

மச்சினன் விபத்துக்குப் பிறகு குழுவில் வாயே திறந்ததில்லை. படித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறான். போன வாரம் முதன்முதலாக ஒரு கேள்வி போட்டான். “நடுவரே, ஒரு சந்தேகம். சுடரவன் வெளிச்சத்துல ஒருத்தனுக்குக் கண்ணு போகுது. அவன் அங்க நிக்கறது சுடரவனுக்கு முன்னாடியே தெரியும். அப்பவும் அது தாக்குதல் இல்லையா?”

குழுவில் வழக்கம்போல ஆளாளுக்குக் குதித்தார்கள். அருமையான கேள்வி என்றார் பல் வைத்தியர். இவன் நடுவருக்கு என்ன உறவு, எந்தக் கண்ணால் இதைத் தட்டினான் என்று அவருக்குத் தெரியாது. நடுவரின் பெயருக்குக் கீழே ‘தட்டச்சு செய்கிறார்’ என்று தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. இந்த ஒரு இடத்திலாவது, கற்பனைக்குள் வைத்தாவது, ஒத்துக்கொண்டுவிடுவார் என்று எனக்கு ஓர் ஆசை. கடைசியில் பதில் வந்தது. “தெரிந்திருந்தது என்பதற்குக் கதையில் ஆதாரம் இல்லை. நின்ற இடமும் கணக்கில் சேரும்.” அவ்வளவு சுத்தமான எழுத்துத் தமிழில் அவர் அதற்கு முன் குழுவில் எழுதியதே கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். என் மேஜை விளக்கு ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன், அதை வாங்கப் போயிருந்தேன். பகலில் தூங்குகிறவர் என்பதால் அவர் அறை ஜன்னல்களில் மேடைக்குப் போடும் கறுப்புத் துணி தொங்கும். உள்ளே நுழைந்தால் கண் பழகவே கொஞ்சம் நேரம் பிடிக்கும். நடுவர் பிரம்பு நாற்காலியில் என் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். “உக்காருடா” என்றாள் தம்பியிடம். அவன் உட்காரவில்லை.

“மாமா, எனக்கு ஒண்ணும் வேணாம். நாளைக்கு அந்தக் கண்ணாடி ரூமுக்குப் போய், ‘அவன் சொன்னான், என் காதுல விழுந்துச்சு’ன்னு சொல்லுங்க. அது போதும். ஒரு கண்ணை வெச்சுக்கிட்டு நான் படம் எடுத்துக்குவேன். இந்தப் பேரை வெச்சுக்கிட்டு எடுக்க முடியாது.”

“மாப்ள, நான் என்ன வேணும்னா பண்ணேன்?”

“வேணும்னு பண்ணீங்கன்னு நான் சொல்லல. காதுல விழுந்துச்சா இல்லையா?”

“ஆயிரம் சத்தம், மாப்ள. அதுல எது விழுந்துச்சு, எது விழலன்னு…”

“‘சரி மாப்ள’ன்னீங்களே.”

நடுவர் மடியில் இருந்த விளக்கின் திருகைத் திருகிக்கொண்டே இருந்தார். அது இறுகி முடிந்து, இனித் திருகினால் உடையும் என்கிற நிலையிலும் திருகினார். பிறகு, குழுவில் பேசுவதைப் போலவே பேச ஆரம்பித்துவிட்டார். “வெளிச்சம் யாரையும் ஒண்ணும் பண்ணாது. கூசும். ரெண்டு நிமிஷம் கூசும், போயிடும். உனக்கு அந்தக் கண்ணு முன்னாடியே வீக்கா இருந்திருக்கும். ஒருத்தன்கூட அதைச் சோதிச்சுப் பாக்கல. வெளிச்சத்துக்கு எடை கிடையாது, விசை கிடையாது…”

“ஐயோ, போதுங்க” என்றாள் மனைவி. பல மாதங்களுக்குப் பிறகு அவரைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தை அதுதான்.

மச்சினன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். இடது கண்ணை இறுக்கிக்கொண்டு, திரையைத் தடவித் தேடி, டார்ச்சைப் போட்டான். ஓர் அடி எடுத்து வைத்து, நாற்காலியில் இருந்தவரின் முகத்துக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில் அதை நீட்டினான். அவரைத் தொடவில்லை. கை ஓங்கவில்லை.

விளக்கு அவர் மடியிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. முழங்கால்கள் இரண்டும் நாற்காலிக்கு மேலே ஏறி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன, தலை தோள்களுக்குள் புதைந்தது, தழும்பேறிய முன்கைகள் இரண்டும் முகத்துக்கு முன்னால் குறுக்கே எழுந்தன. “வேணாம் மாப்ள, வேணாம்” என்றார்.

மச்சினன் டார்ச்சை அணைத்துப் போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அக்கா பின்னாலேயே படியிறங்கினாள். அறை மறுபடி இருட்டாகிவிட்டது. அவர் கைகளை இன்னும் கீழே இறக்கவில்லை.